காறை எலும்பும் காத்திருப்பும்

மனித எலும்புக்கூட்டில் கையை உடலின் நடுப்பகுதியோடு எலும்பு வழியாக இணைப்பது காறை எலும்பு ஒன்றே. கழுத்தின் அடியில், மார்பெலும்பின் மேல்முனையிலிருந்து தோளின் உச்சி வரை தோலுக்கு நேர் கீழே கிடையாக ஓடும் இந்த எலும்பை விரலால் தடவினாலே அதன் முழு நீளமும் புலப்படும். தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின் முதுகுப்புறத்தில் தசைகளால் மட்டுமே பிடிக்கப்பட்டு நழுவிக்கொண்டிருக்க, காறை எலும்பு முட்டுக்கொடுத்த கழியைப் போலத் தோளை மார்பிலிருந்து தள்ளி நிறுத்துவதால்தான் கை தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னும் தடையின்றிச் சுழல முடிகிறது. கருவில் ஐந்தாம், ஆறாம் வாரத்திலேயே மற்ற எல்லா எலும்புகளுக்கும் முன்பாக எலும்பாகத் தொடங்குவது இதுவே. மார்பெலும்பை ஒட்டிய முனையில் வளர்ச்சித் தட்டு இருபதுகளின் நடுப்பகுதி வரை மூடாமல் இருப்பதால், கடைசியாக முதிர்வதும் இதுவே. இளைஞர் ஒருவரின் வயதை எலும்பிலிருந்து கணிக்க வேண்டிய தடயவியல் வல்லுநர்கள் முதலில் இந்த முனையைத் தேடுவது அதனால்தான்.

மேலிருந்து பார்த்தால் இந்த எலும்பு மெல்ல வளைந்த ஆங்கில எஸ் எழுத்தின் வடிவில் இருக்கும். உட்பகுதி உருண்டும் வெளிப்பகுதி தட்டையாகவும் இருக்க, ஒரு வடிவம் மற்றொன்றாக மாறும் நடுப்பகுதி மெலிந்திருக்கிறது. இரு முனைகளையும் கட்டிவைத்திருக்கும் தசைநார்கள் இந்த இடத்தில் இல்லை. காறை எலும்பு முறிவுகளில் ஏறத்தாழ 80 சதவீதம் இங்கே நிகழ்வதற்கு இந்த அமைப்பே காரணம். எஞ்சியவற்றில் பெரும்பாலானவை தோளை ஒட்டிய வெளிமுனையிலும், மிகச் சிலவே மார்பெலும்பை ஒட்டிய உள்முனையிலும் ஏற்படுகின்றன. விழும்போது கையை ஊன்றுவதால் எலும்பு முறிகிறது என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. நோயாளிகள் எப்படி விழுந்தார்கள் என்பதை விசாரித்து 1988இல் வெளியான ஓர் ஆய்வோ, பெரும்பாலானவர்கள் தோளே நேரடியாகத் தரையில் மோதும்படி விழுந்தவர்கள் என்று காட்டியது. சைக்கிளிலிருந்தும் மோட்டார் சைக்கிளிலிருந்தும் தூக்கி எறியப்படுபவர்களிடம் இந்த முறிவு இவ்வளவு பரவலாகக் காணப்படுவதன் காரணம் அதிலிருந்து விளங்கும்.

முறிந்த பிறகு இரு துண்டுகளும் தத்தம் இடத்தில் இருப்பதில்லை. காதின் பின்புறத்திலிருந்து மார்பெலும்புக்கும் காறை எலும்பின் உட்பகுதிக்கும் இறங்கும் கழுத்துத் தசை உள்துண்டை மேலே இழுக்கிறது. கையின் எடை வெளித்துண்டைக் கீழே சாய்க்கிறது. மார்புத் தசை அதை உள்நோக்கி இழுப்பதால் ஒரு துண்டு மற்றொன்றின் மேல் ஏறிக்கொண்டு எலும்பின் மொத்த நீளம் குறைகிறது. துண்டுகளின் முகங்கள் ஒன்றையொன்று தொடாத அளவுக்கு விலகியிருந்தால் அதை இடம் பெயர்ந்த முறிவு என்று மருத்துவர்கள் அழைக்கிறார்கள். நடுப்பகுதியில் நேரும் இத்தகைய முறிவைப் பற்றியே அறுவைச் சிகிச்சையா, இயற்கையான இணைவா என்ற விவாதம் எழுகிறது. விலகாத முறிவுக்குக் கையைத் தாங்கும் தொங்கல் பட்டையே போதும் என்பதில் ஏறத்தாழ எல்லோரும் உடன்படுகிறார்கள்.

இந்த எலும்பு தானாக இணையும் என்பது மிகப் பழைய அறிவு. பொ.ஆ.மு. 1600ஐ ஒட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படுவதும், எட்வின் ஸ்மித் என்பவர் 1862இல் எகிப்தின் லக்சோரில் வாங்கியதால் அவர் பெயரால் வழங்குவதுமான பாப்பிரஸ் சுருள், காறை எலும்பு முறிந்தவரை மல்லாக்கப் படுக்கவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே மடித்த பொருள் ஒன்றை வைத்துத் தோள்களை விரித்தால் எலும்பு தன் இடத்தில் வந்து அமரும் என்றும், பிறகு துணியால் கட்ட வேண்டும் என்றும் கூறுகிறது. தோள்களைப் பின்னுக்கு இழுத்து முதுகில் குறுக்கே செல்லும்படி போடப்படும் எட்டு வடிவக் கட்டு அதே எண்ணத்தின் நீட்சியாகும். நூற்றுக்கணக்கான கட்டுமுறைகள் பின்னர் வகுக்கப்பட்டும், அவற்றில் எதுவும் துண்டுகளை இடத்தில் நிறுத்திவைக்கவில்லை. கட்டு தளர்ந்ததும் தசைகள் அவற்றைப் பழைய நிலைக்கே இழுத்துவிடுகின்றன. எட்டு வடிவக் கட்டையும் எளிய தொங்கல் பட்டையையும் டென்மார்க்கில் ஒப்பிட்டு 1987இல் வெளியான சோதனையில், எலும்பு இணைந்த விதத்தில் வேறுபாடு தென்படவில்லை. பட்டை அணிந்தவர்களுக்கு வேதனை மட்டும் குறைவாக இருந்தது. பழங்காலத்துக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டஸின் பெயரால் வழங்கும் நூல் ஒன்று, இந்த முறிவைக் கண்டு முதலில் பெரிதாகப் பதறும் நோயாளி, வலி அடங்கியதும் அதைப் பொருட்படுத்துவதில்லை என்றும், மருத்துவரும் அதற்கு உடன்பட்டு ஒதுங்கிக்கொள்கிறார் என்றும் குறிப்பிடுகிறது. இந்த அவதானிப்பில் லேசான கிண்டல் தொனித்தாலும், பிற்கால ஆய்வுகள் பலவற்றின் குறையும் இதே இடத்தில்தான் இருந்தது: ஒதுங்கிச் சென்ற நோயாளியின் தோள் பின்னர் எப்படி இருந்தது என்று நெடுங்காலம் யாரும் கேட்கவில்லை.

எலும்பு எவ்வாறு இணைகிறது என்பதை அறியாமல் இந்த விவாதத்தைப் பின்தொடர முடியாது. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கசிந்து உறைகிறது. அழற்சியால் அங்கு வந்து சேரும் செல்கள் அந்த உறைவை மென்மையான துளிர்த்திசுவாக மாற்றுகின்றன. சில வாரங்களில் குருத்தெலும்பு கலந்த தடித்த பற்று ஒன்று இரு முனைகளையும் சுற்றி வளர்கிறது. காலஸ் எனப்படும் இந்தப் பற்றில் சுண்ணாம்புச் சத்து படிந்து அது எலும்பாகக் கெட்டிப்பட, தேவைக்கு மிஞ்சி வளர்ந்த பகுதி அடுத்த பல மாதங்களில் அரிக்கப்பட்டு உருத்திருந்துகிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் பெர்ரன் இந்த வரிசைக்கு இயக்கவியல் சார்ந்த விளக்கம் ஒன்றை அளித்தார். இரு துண்டுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளி அசைவின்போது எத்தனை சதவீதம் நீள்கிறது அல்லது சுருங்குகிறது என்பதைத் திரிபு என்று கொண்டால், துளிர்த்திசு 100 சதவீதத் திரிபையும் தாங்கும். குருத்தெலும்பு ஏறத்தாழ 10 சதவீதம் வரையிலும், எலும்பு 2 சதவீதம் வரையிலும் மட்டுமே தாங்கும். ஒவ்வொரு திசுவும் உருவாகும்போது அசைவைச் சற்றே குறைப்பதால், அடுத்த கெட்டியான திசு உருவாக இயலும் சூழல் பிறக்கிறது. துண்டுகள் மிக விலகியிருந்தாலோ, நடுவில் தசை சிக்கியிருந்தாலோ, அசைவு அடங்காவிட்டாலோ இந்த வரிசை பாதியில் நின்றுவிடும். ஆறு மாதங்களுக்கு மேலும் இடைவெளியில் நார்த்திசுவே எஞ்சியிருக்கும் நிலையைத்தான் இணையாமை என்று குறிப்பிடுகிறார்கள்.

அறுவைச் சிகிச்சை இதே வேலையை வேறு வழியில் நடத்துகிறது. தோலைக் கிழித்துத் துண்டுகளைச் சரியாகப் பொருத்தி, எலும்பின் வளைவுக்கேற்ப வார்க்கப்பட்ட உலோகத் தகட்டை வைத்துத் திருகாணிகளால் இறுக்கும்போது, இடைவெளியும் அசைவும் ஏறத்தாழ இல்லாமல் போவதால் காலஸுக்கான தேவையே எழுவதில்லை. எலும்பை அரிக்கும் செல்களும் ஆக்கும் செல்களும் முறிவுக் கோட்டைக் குறுக்கே துளைத்துச் சென்று புதிய எலும்பை நேரடியாக இடுகின்றன. தகடு வைத்த எலும்பின் எக்ஸ்ரேயில் காலஸ் தெரியாததைக் கண்டு எலும்பு இன்னும் வளரவில்லை என்று சில நோயாளிகள் கவலைப்படுவதுண்டு. அது இந்த வகை இணைவின் இயல்பான தோற்றமாகும். எந்த வழியானாலும் இணைக்கும் வேலையை உடலே செய்கிறது. தகடு அதுவரை பிடித்துக்கொள்கிறது. எலும்பின் அடியில் மிக நெருக்கமாகவே கைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்களும் நரம்புக் கற்றையும், அவற்றுக்கும் கீழே நுரையீரலின் உறையும் இருப்பதால், திருகாணிக்குத் துளையிடும் கை எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கத்தியை எடுக்காததே நல்ல மருத்துவமாகக் கருதப்பட்டதற்குச் சார்ல்ஸ் நீர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1960இல் வெளியிட்ட எண்கள் முக்கியக் காரணமாகும். அறுவை செய்யாமல் விடப்பட்ட 2,235 நடுப்பகுதி முறிவுகளில் மூன்று மட்டுமே இணையாமல் போயின என்றும், அறுவை செய்யப்பட்ட 45இல் இரண்டு இணையவில்லை என்றும் அவர் பதிவுசெய்தார். அதாவது விட்டுவைத்தவற்றில் ஆயிரத்துக்கு ஒன்று, வெட்டியவற்றில் நூற்றுக்கு நான்கு. இந்த ஒப்பீட்டுக்குப் பிறகு அறுவையைப் பரிந்துரைக்க யாருக்குத்தான் துணிவு வரும்? ஆயினும் எளிதில் இணையக்கூடிய முறிவுகளும் கடினமான முறிவுகளும் முதல் எண்ணில் ஒன்றாகக் கலந்திருந்தன. இரண்டாவது எண்ணில் கடினமானவையே இருக்க வாய்ப்பு அதிகம், அறுவை நுட்பமும் அக்காலத்துக்கு உரியது. எல்லாவற்றுக்கும் மேலாக, எலும்பு இணைந்ததா என்பது மட்டுமே கேட்கப்பட்டது.

கேள்வியை மாற்றிக் கேட்டபோது விடையும் மாறியது. முழுமையாக இடம் பெயர்ந்த நடுப்பகுதி முறிவை அறுவையின்றிக் கடந்த 52 பேரை ஆராய்ந்து ஹில்லும் அவருடைய சக மருத்துவர்களும் 1997இல் வெளியிட்ட கட்டுரையில், 15 சதவீதத்தினருக்கு எலும்பு இணையவில்லை என்பதும், 31 சதவீதத்தினர் தங்கள் தோளின் நிலையில் நிறைவு காணவில்லை என்பதும் தெரியவந்தன. எலும்பு 20 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ குறுகியிருப்பது இணையாமையோடு தொடர்புடையது என்பதையும் அவர்கள் சுட்டினார்கள். அறுவை செய்யாததே நல்லதா என்ற இந்தச் சந்தேகத்தைக் கனடாவின் எலும்பு மருத்துவர் குழு 2007இல் வெளியான சோதனையின் மூலம் பரிசீலித்தது. 132 நோயாளிகளில் யாருக்குத் தகடு, யாருக்குத் தொங்கல் பட்டை என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. மருத்துவரின் விருப்பம் முடிவைச் சாய்த்துவிடாமல் இருக்க இதுவே நம்பகமான வழி. தகடு வைக்கப்பட்டவர்களுக்கு எலும்பு இணைய சராசரியாக 16.4 வாரங்களும் மற்றவர்களுக்கு 28.4 வாரங்களும் ஆயின. இணையாமை முதல் குழுவில் இரண்டு பேருக்கும் இரண்டாவதில் ஏழு பேருக்கும் நேர்ந்தது. கோணலாக இணைந்து தொல்லை தந்த நிலை இரண்டாவது குழுவில் மட்டும் ஒன்பது பேருக்கு ஏற்பட்டது. இதன் பின்னர் பல நாடுகளில் காறை எலும்புக்குத் தகடு வைக்கும் வழக்கம் வேகமாகப் பெருகியது.

ஆனால் சராசரி என்பது மறைக்கவும் வல்லது. எடின்பரோவின் எலும்பு மருத்துவர் ராபின்சன் தலைமையில் 200 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான சோதனையும் தகடு இணையாமையைப் பெரிதும் குறைக்கிறது என்றே கண்டது. ஓராண்டின் முடிவில் தகடு வைத்தவர்களின் தோள் இயக்க மதிப்பெண்களும் சற்றுக் கூடுதலாக இருந்தன. ஆய்வாளர்கள் அதோடு நிற்காமல், எலும்பு இணையாதவர்களை ஒதுக்கிவிட்டு மீண்டும் கணக்கிட்டபோது, இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு மறைந்துவிட்டது. இந்தத் துறையில் வெளிவந்த கணக்குகளில் நோயாளிக்கு மிகவும் பயன்படுவது இதுவே எனலாம். எலும்பு தானாக இணைந்தவரின் தோள், சற்றுக் குறுகியோ புடைத்தோ இருந்தாலும், பொதுவாகத் தகடு வைத்தவரின் தோளைப் போலவே இயங்குகிறது. சராசரியில் தெரிந்த இடைவெளி முழுவதும் இணையாமல் போன சிலருடைய துன்பத்தால் உண்டானது. பிரிட்டனில் 301 பேரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான மற்றொரு பெரிய சோதனையும் இதற்கு ஒத்துப்போகிறது. ஆறாவது வாரத்திலும் மூன்றாவது மாதத்திலும் தகடு வைத்தவர்கள் முன்னிலையில் இருந்தார்கள். ஒன்பதாவது மாதத்தில் நோயாளிகள் நிரப்பிய வினாத்தாள்களில் வேறுபாடு இல்லை. ஆனால் அதே ஒன்பதாவது மாதத்தில் இணையாமை தகடு வைத்தவர்களில் 0.8 சதவீதமாகவும் மற்றவர்களில் 11 சதவீதமாகவும் இருந்தது. 14 சோதனைகளையும் 1,469 நோயாளிகளையும் திரட்டி 2019இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வும், ஓராண்டுக்குப் பிந்தைய கை இயக்கத்தில் அறுவையால் குறிப்பிடத்தக்க கூடுதல் நன்மை இல்லாமல் இருக்கலாம் என்றே முடித்தது.

ஆகவே நூறு பேருக்குத் தகடு வைத்தால் ஏறத்தாழப் பத்துப் பேர் இணையாமையிலிருந்து காக்கப்படுகிறார்கள். எஞ்சிய தொண்ணூறு பேரும் பெறுவது முதல் சில மாதங்களின் வசதி. அந்த வசதிக்கு அவர்கள் கொடுக்கும் விலையும் சிறிதல்ல. கழுத்தோரத்தில் தழும்பு விழுகிறது. எலும்பின் மேலாகச் செல்லும் நுண்ணிய தோல் நரம்புகள் அறுபடுவதால் தழும்புக்குக் கீழே மார்பில் ஓர் இடம் மரத்துப்போகிறது, பலருக்கு அது ஓரளவே சரியாகிறது. தோலுக்கு அடியில் கொழுப்போ தசையோ அதிகம் இல்லாத இடம் என்பதால் தகடு துருத்திக்கொண்டு, பைப் பட்டை அழுத்தும்போது வலிக்கிறது. அதை அகற்ற இன்னோர் அறுவை தேவைப்படுகிறது. அகற்றிய பின் திருகாணித் துளைகளால் பலவீனமான எலும்பு மீண்டும் முறிவதும் உண்டு. சீழ்த்தொற்று சிலருக்கே வருகிறது, ஆனால் உலோகத்தின் மேல் வந்த தொற்று எளிதில் போவதில்லை.

முதல் சில மாதங்களின் வசதி எல்லோருக்கும் ஒரே மதிப்புடையதும் அன்று. ஸ்பெயினின் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் ஹோர்ஹே லொரென்சோ 2013 ஜூனில் நெதர்லாந்தின் அசென் தடத்தில் வியாழனன்று பயிற்சியில் விழுந்து இடது காறை எலும்பை முறித்துக்கொண்டு, பார்சலோனாவுக்குப் பறந்து தகடு வைத்துக்கொண்டு திரும்பி, சனிக்கிழமைப் பந்தயத்தில் ஐந்தாவதாக முடித்தார். தகடு தரக்கூடிய உடனடி உறுதிக்கு இதைவிடத் துலக்கமான சான்று இருக்க முடியாது. அடுத்த மாதமே ஜெர்மனியில் மீண்டும் விழுந்து அந்தத் தகடு வளைந்துபோய் இரண்டாவது அறுவைக்கு உள்ளானார் என்ற பிற்பகுதியை அந்தச் சாகசத்தை வியப்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். தினக்கூலிக்கு மூட்டை தூக்குபவருக்கும் இரண்டு மாதங்கள் பெரிய இழப்புதான். ஆனால் அவருக்கு அறுவைச் செலவும் அதே அளவு பெரிது.

விவாதத்துக்கு இடமில்லாத நிலைகளும் உண்டு. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தாலோ, உள்ளிருந்து குத்தித் தோல் வெளுத்துச் சாகும் நிலையில் இருந்தாலோ, கைக்குச் செல்லும் இரத்தக் குழாயோ நரம்போ சிதைந்திருந்தாலோ காத்திருக்கக் கூடாது. பிரிட்டனின் முன்னாள் பிரதமர் ராபர்ட் பீல் 1850இல் குதிரையிலிருந்து விழுந்து மூன்றாம் நாள் இறந்தது, முறிந்த காறை எலும்பு அடியிலுள்ள குழாயைக் கிழித்ததால் என்றே கருதப்படுகிறது. குழந்தைகளின் நிலை நேர் எதிரானது: தடித்த எலும்புறையும் வளரும் எலும்பின் திருத்திக்கொள்ளும் ஆற்றலும் இருப்பதால் அவர்களுக்கு அறுவை மிக அரிதாகவே வேண்டியிருக்கும். வெளிமுனை முறிவு வேறு கணக்கைச் சேர்ந்தது. அங்கே காறை எலும்பைத் தோள்பட்டையோடு கட்டும் தசைநார்கள் அறுந்திருந்தால் இணையாமை கூடுகிறது, ஆயினும் முதியவர்களில் பலர் இணையாத வெளிமுனையுடன் தொல்லையின்றி வாழ்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்த விவாதத்துக்கு மூன்றாவது தரப்பு ஒன்றும் இருக்கிறது. ஆந்திரத்தின் புத்தூரிலிருந்து பெயர் பெற்று, தமிழக நகரங்களின் பலகைகளிலெல்லாம் காணப்படும் புத்தூர்க் கட்டை நாடிச் சென்று காறை எலும்பு சேர்ந்ததாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. இடம் பெயர்ந்த முறிவுகளிலும் பத்தில் ஏறத்தாழ ஒன்பது தொங்கல் பட்டையோடு இணைந்துவிடும் என்னும்போது, எந்தக் கட்டின் பேரிலும் அந்த ஒன்பதும் வெற்றியாகவே எழுதப்படும். கட்டு இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுத்தால் விரல்கள் மரத்து நீலம் பாயும் என்பதையும், அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் கட்டைத் தளர்த்த வேண்டும் என்பதையும் நோயாளியின் வீட்டார் அறிந்திருப்பது நல்லது.

எஞ்சுவது, இணையாமல் போகப்போகும் அந்தப் பத்தாவது ஆள் யார் என்ற கேள்வி. முறிந்த நாளில் இதற்குக் கிடைக்கும் விடை அரைகுறையானது. எடின்பரோவில் 900க்கும் மேற்பட்ட இடம் பெயர்ந்த முறிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான கட்டுரை, புகைப்பழக்கம், எலும்பு பல துண்டுகளாக நொறுங்கியிருத்தல், துண்டுகளின் விலகல் ஆகியவை இணையாமையைக் கூட்டுகின்றன என்றும், அவற்றில் புகைப்பழக்கமே வலுவானது என்றும் கண்டது. இந்த மூன்றில் நோயாளியின் கையில் இருப்பது ஒன்றே என்பதால், தகட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் சிகரெட்டைப் பற்றிப் பேசும் மருத்துவர் சரியான வரிசையைப் பின்பற்றுகிறார். குறுகிய நீளத்தை அளவிடுவதிலும் சிக்கல் உண்டு. படுத்த நிலையில் எடுத்த எக்ஸ்ரேயைவிட நிமிர்ந்த நிலையில் எடுத்ததில் விலகல் கூடுதலாகத் தெரிவதால், 20 மில்லிமீட்டர் என்ற எல்லைக்கோடு எக்ஸ்ரே எடுக்கப்பட்ட விதத்தைப் பொறுத்து நகர்ந்துகொண்டே இருக்கும்.

அதே எடின்பரோ குழு அண்மைக் காலத்தில் கேள்வியையே ஆறு வாரம் தள்ளிப்போட்டுப் பார்த்தது. ஆறாவது வாரத்தில் மூன்று செய்திகள் திரட்டப்பட்டன: அன்றாட வேலைகளில் கையின் இயலாமையை அளக்கும் வினாத்தாளில் நூற்றுக்கு நாற்பதோ அதற்கு மேலோ வருகிறதா, எக்ஸ்ரேயில் காலஸ் தென்படவில்லையா, விரல்களால் அழுத்திப் பார்க்கும்போது முறிவிடம் இன்னும் அசைகிறதா. மூன்றும் இல்லாதவர்களுக்கு இணையாமை ஏற்படும் வாய்ப்பு 3 சதவீதம். இரண்டோ மூன்றோ இருந்தவர்களுக்கு அது 60 சதவீதம். முதல் நாளில் யாருக்கும் சொல்ல முடியாத அளவு தெளிவான எண்கள் இவை. காத்திருந்தவர் பின்னர் அறுவைக்கு உட்பட்டாலும் பெரிதாக இழப்பதில்லை. இணையாத எலும்பைச் சீராக்கித் தகடு வைத்தவர்களின் தோள், தொடக்கத்திலேயே தகடு வைத்தவர்களுடையதற்கு நெருக்கமாகவே தேறுகிறது என்று கனடாவின் ஒப்பீடு ஒன்று காட்டியது, தசையின் நீடித்த உழைப்புத் திறன் மட்டும் சற்றுக் குறைந்திருந்தது. நார்த்திசுவை அகற்ற வேண்டியிருப்பதாலும், சில வேளைகளில் இடுப்பெலும்பிலிருந்து எலும்புத்துகள் எடுத்து நிரப்ப வேண்டியிருப்பதாலும் அந்த அறுவை முதல் வார அறுவையைவிடக் கடினமானது. வலியோடு கழிந்த மாதங்களும் திரும்ப வருவதில்லை. அந்த மாதங்களைத் தாங்க இயலாத பணியில் இருப்பவருக்கு முதல் வாரத்திலேயே தகடு வைப்பது நியாயமான தேர்வு. மற்றவர்களுக்கு, தொங்கல் பட்டையோடு வீட்டுக்கு அனுப்பும்போதே ஆறாவது வாரத்துக்கான நாளைக் குறித்துக் கொடுப்பதும், அந்த நாளில் அவர்கள் வந்தார்களா என்று பார்ப்பதும் சிகிச்சையின் பகுதியாகவே கொள்ளப்பட வேண்டும்.